பேர் என்ன, எந்த ஊர், எந்தத் தெரு?

(ஆழ்வார்குறிச்சியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

காவல்துறை நண்பர்கள் சிலர் சீருடை இல்லாமல் வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு வணக்கம். அவர்களை அழைக்கச் சொன்னதே நான்தான். அவர்களைப் பற்றி முதுகுக்குப் பின்னால் பேச எனக்கு விருப்பமில்லை.

திருநெல்வேலி நீதிமன்றத்தில் குற்ற வழக்குகளில் ஆஜராகிப் பிழைக்கிறவன் நான். பெரிய வழக்குகளைப் பற்றிப் பேசுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். நான் எடுத்துக்கொண்டது சின்ன விஷயம். சாலையில் போகிற ஒருவரை நிறுத்தி, "பேர் என்ன, எந்த ஊர், எங்கே போற" என்று காவலர் கேட்பது. ஐந்து நிமிடத்தில் முடிந்துபோகும். வழக்கு இல்லை, கைது இல்லை, செய்தித்தாளில் ஒரு வரி கூட வராது. அதனாலேயே இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

பக்கத்து ஊரிலிருந்தே தொடங்குகிறேன். இங்கிருந்து தென்காசிப் பக்கம் ரயிலேறினால் ரவணசமுத்திரம், அதை அடுத்துக் கீழக்கடையம். கடையம், பாரதியின் மனைவி செல்லம்மாவின் பிறந்த ஊர். 1918 நவம்பர் 20 அன்று புதுச்சேரியை விட்டு வெளியே வந்த பாரதியைக் கடலூருக்குப் பக்கத்தில் பிடித்தார்கள். டிசம்பர் 14 அன்று விட்டார்கள். விட்டார்கள் என்றால், நிபந்தனையோடு. திருநெல்வேலி ஜில்லாவுக்குள் இருக்க வேண்டும். அரசியலில் தலையிடக் கூடாது. எழுதுவதை அச்சுக்குக் கொடுக்கும் முன் சி.ஐ.டி. போலீசின் டி.ஐ.ஜி. பார்வைக்கு அனுப்ப வேண்டும். அப்படித்தான் கடையத்துக்கு வந்து சேர்ந்தார். 1920 கடைசியில் சென்னைக்குப் போய்ச் சுதேசமித்திரனில் மறுபடி சேரும் வரை அவர் சிறையிலும் இல்லை, முழு விடுதலையிலும் இல்லை. பாறையில் உட்கார்ந்து பாடினார், அக்ரகாரத்தோடு ஒட்டாமல் போனார் என்று கடையத்துப் பாரதியைப் பற்றி நம் பெரியவர்கள் எத்தனையோ கதை சொல்வார்கள். அந்தக் கதைகளில் இந்த நிபந்தனைக் காகிதம் வராது. ஆனால் அவர் கடையத்தில் நடந்த ஒவ்வொரு நடையும் அந்தக் காகிதத்துக்குள்ளேதான் நடந்தது.

அதற்கு முன் புதுச்சேரியிலும் அவரை இப்படிக் கண்காணித்தார்கள். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் கலெக்டர் ஆஷ் சுடப்பட்ட பிறகு, அங்கிருந்த பிரெஞ்சு அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. வெளியிலிருந்து வந்து தங்கியிருப்பவர்கள் போலீசில் பதிந்துகொள்ள வேண்டும். உள்ளூர்ப் பெரிய மனிதர்கள் ஐந்து பேர் அவர்களுக்காகக் கையெழுத்துப் போட வேண்டும். பிரிட்டிஷ் உளவாளிகள் தெருவுக்குத் தெரு நின்ற காலம். பாரதிக்கும் அரவிந்தருக்கும் யாரும் துணிந்து கையெழுத்துப் போட மாட்டார்கள் என்றுதான் எதிர்பார்த்தார்கள். அந்த ஊர்ப் பெரிய மனிதர் சங்கரச் செட்டியார் முன்னின்று ஐந்து கையெழுத்தும் வாங்கிக் கொடுத்தார். பாரதி யார் என்று பாரதி சொன்னால் போதாது, ஐந்து பேர் சொல்ல வேண்டும். இன்றைக்குக் கடன் வாங்கப் போனால் ஜாமீன்தாரர் கேட்கிறார்கள். அன்றைக்குச் சும்மா ஓர் ஊரில் குடியிருக்கவே கேட்டார்கள்.

பாரதியைக் கண்காணித்ததற்கு ஒரு காரணமாவது இருந்தது. அவர் எழுதினார், அரசுக்குப் பிடிக்கவில்லை. எந்தக் காரணமும் தேவைப்படாமல், பிறந்த ஒரே காரணத்துக்காக லட்சக்கணக்கானவர்களை நிறுத்திக் கேட்ட சட்டம் ஒன்று இருந்தது. குற்றப் பரம்பரைச் சட்டம். நம் பக்கத்தில் ரேகைச் சட்டம் என்றால்தான் பெரியவர்களுக்குப் புரியும். 1871இல் வட இந்தியாவில் வந்தது, 1911இல் திருத்திச் சென்னை மாகாணத்துக்கும் கொண்டுவந்தார்கள். ஒரு சாதியையோ சாதிக்குள் ஒரு பிரிவையோ அரசாங்கம் அறிவித்துவிட்டால், அதில் பிறந்த வயது வந்த ஆண்கள் போய்ப் பத்து விரல் ரேகையும் பதிய வேண்டும். குறித்த நேரத்தில் ஆஜர் கொடுக்க வேண்டும். இரவில் வீட்டில் படுக்க முடியாமல் காவலர் கண்காணிப்பில் படுத்தவர்கள் உண்டு. ஊரைவிட்டு வெளியே போக வேண்டுமா, ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும். எந்த ஊருக்குப் போகிறார், எப்போது திரும்புவார் என்று அதில் எழுதியிருக்கும். போன இடத்தில் அதைக் காட்ட வேண்டும். பெண் பார்க்கப் போனாலும் சரி, இழவுக்குப் போனாலும் சரி.

1920 ஏப்ரல் 3 அன்று உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூரில், ரேகை வைக்க மாட்டோம் என்று நின்றவர்கள் மீது போலீஸ் சுட்டது. ஒரு பெண் உட்பட 16 பேர் செத்தார்கள். அதே 1920இல்தான் கைதிகளை அடையாளம் காணும் சட்டத்தையும் வெள்ளைக்காரன் போட்டான். ரேகை, கால்தடம், அளவு, போட்டோ எடுக்கப் போலீசுக்கு அதிகாரம் கொடுத்த சட்டம். இரண்டையும் ஒரே ஆண்டில் வைத்துப் பார்த்தால் வெள்ளைக்கார அரசு என்ன நினைப்பில் இருந்தது என்பது தெரியும்.

ரேகைச் சட்டத்தைச் சென்னை மாகாணம் 1947இல் ஒழித்தது. ஆனால் மறுவருஷமே பழக்கக் குற்றவாளிகள் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. முந்தினதில் சாதி மொத்தமும் மாட்டியது. பிந்தினதில் ஆளை ஆளாக எடுத்து எழுதினார்கள். எழுதுகிற கை அதே கை, நோட்டுதான் வேறு. சீர்மரபினர் பட்டியலை எடுத்துப் பாருங்கள், திருநெல்வேலி மாவட்டத்து மறவர் என்ற பெயர் இன்றும் இருக்கிறது. இன்றைக்கு அது சலுகைக்கான பட்டியல். அந்தப் பட்டியல் எப்படித் தொடங்கியது என்று வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறார்களா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

தமிழர்கள் கடல் கடந்து போன இடத்திலும் இந்தக் கேள்வி விடவில்லை. தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வாலில் 1907இல் ஆசியர் பதிவுச் சட்டம் வந்தது. எட்டு வயதைத் தாண்டிய ஒவ்வொருவரும் பதிய வேண்டும். தெருவில் எந்தப் போலீஸ்காரர் கேட்டாலும் சான்றிதழைக் காட்ட வேண்டும். 1908 ஆகஸ்ட் 16 அன்று ஜோகன்னஸ்பர்க் மசூதி முற்றத்தில் ஒரு பெரிய இரும்புக் கொப்பரையில் போட்டு இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட சான்றிதழ்களைக் கொளுத்தினார்கள். காந்தி தலைமை, சரி. சிறைக்குப் போனவர்களில் தமிழர்கள் எத்தனை பேர் என்று காந்தியே திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறார். நாகப்பன் என்ற இளைஞன் சிறைக் குளிரில் நோய் கண்டு, விடுதலையான சில நாளில், 1909 ஜூலை 6 அன்று இறந்தான். தில்லையாடி வள்ளியம்மையை நாம் எல்லோரும் அறிவோம். இவர்கள் யாரும் பேரை மறைக்க விரும்பியவர்கள் இல்லை. பேரைச் சத்தமாகச் சொல்லித்தான் சிறைக்குப் போனார்கள். ஒரு சாதியாரை மட்டும், ஓர் இனத்தாரை மட்டும் ஏன் கேட்கிறாய் என்பதே அவர்கள் சண்டை.

கொழும்பில் நடந்ததை என் வயதுக்காரர்கள் செய்தியில் படித்தோம். இலங்கையில் ஆட்பதிவுச் சட்டம் 1968இல் வந்தது. 1972 முதல் அடையாள அட்டை கொடுத்தார்கள். பல ஆண்டுகள் சிங்களவரின் அட்டை சிங்களத்தில் மட்டும் இருந்தது, தமிழரின் அட்டையில் தமிழும் சேர்ந்திருந்தது. சோதனைச் சாவடியில் அட்டையை நீட்டினால் போதும், படிக்கக்கூட வேண்டாம். லாட்ஜில் தங்கினால் போலீஸ் பதிவு வேண்டும். 2007 ஜூன் 7 விடியலில் கொழும்பு லாட்ஜுகளிலிருந்து 376 தமிழர்களை எழுப்பிப் பஸ்ஸில் ஏற்றி வவுனியாவுக்கும் மற்ற ஊர்களுக்கும் அனுப்பினார்கள். கொழும்பில் இருக்கத் தகுந்த காரணம் இல்லையாம். மறுநாளே உச்ச நீதிமன்றம் அதைத் தடுத்தது. சொந்த நாட்டுத் தலைநகரில் இருப்பதற்குக் காரணம் சொல்ல வேண்டிய நிலைமை அட்டையில் தொடங்கியது என்று நான் சொல்லவில்லை. அந்தப் பஸ்ஸில் யாரை ஏற்றுவது என்று பார்க்க அட்டை உதவியது.

இனி நம் சட்டம். வகுப்பு எடுக்க மாட்டேன், சுருக்கமாகச் சொல்கிறேன்.

வீட்டைவிட்டு வெளியே வருகிற இந்தியக் குடிமகன் அடையாள அட்டையைச் சட்டைப்பையில் வைத்திருந்தே ஆக வேண்டும் என்று பொதுவான சட்டம் எதுவும் கிடையாது. ஆதாருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். வண்டி ஓட்டினால் கதை வேறு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 130ஆவது பிரிவின்படி, சீருடையில் இருக்கும் காவலர் கேட்டால் லைசென்ஸைக் காட்ட வேண்டும். சீருடையில் இருக்கும் காவலர் என்பதை அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள். 2017இல் ஒரிஜினல் லைசென்ஸ்தான் வேண்டும் என்று நம் மாநிலத்தில் ஒரு களேபரம் நடந்தது நினைவிருக்கும். இப்போது செல்போனில் டிஜிலாக்கரில் காட்டினாலும் செல்லும்.

நடந்து போகிறவரிடம்? புதிய நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதில் 39ஆவது பிரிவு, பழைய சட்டத்தில் 42. காவலர் கண் முன்னாலேயே சில்லறைக் குற்றம் ஒன்றைச் செய்தவர், பேரும் விலாசமும் சொல்ல மறுத்தால், அல்லது பொய் சொல்கிறார் என்று தோன்றினால், பேரைத் தெரிந்துகொள்வதற்காக மட்டும் கைது செய்யலாம். தெரிந்தவுடன் விட வேண்டும். குற்றம் முதலில், பேர் பிறகு. சாட்சியாக விசாரிக்க வேண்டுமென்றால் 179ஆவது பிரிவில் எழுத்து மூலம் அழைக்க வேண்டும். பெண்களையும், 15 வயதுக்கு உட்பட்ட, 60 வயதைத் தாண்டிய ஆண்களையும், மாற்றுத்திறனாளிகளையும், கடும் நோயாளிகளையும் வீட்டைவிட்டு ஸ்டேஷனுக்கு வரச்சொல்லக் கூடாது. அப்புறம் 128, பழைய 109. ஒளிந்து திரிந்து குற்றம் செய்யப் பார்க்கிறார் என்று தோன்றினால் நன்னடத்தைப் பிணை கேட்பது. நம் ஊரில் சந்தேகக் கேஸ் என்பார்கள். ராத்திரியில் தனியாக நடந்த எத்தனையோ பேர் இந்தப் பிரிவில் வந்திருக்கிறார்கள்.

ஆக, ஒரு குற்றமும் செய்யாமல் நடந்து போகிறவர் "எதற்காக நிறுத்தினீர்கள்" என்று திருப்பிக் கேட்டால், சட்டப்படி அதில் தப்பில்லை. ஆனால் என் கட்சிக்காரர்களுக்கு அப்படிக் கேட்கும்படி நான் ஒருநாளும் சொன்னதில்லை. "பேரைச் சொல்லிட்டு வீட்டுக்கு வந்து சேருங்க" என்றுதான் சொல்வேன். இங்கே இருக்கும் வக்கீல்கள் எல்லோரும் அதையேதான் சொல்வார்கள். சட்டப் புத்தகத்தில் இருக்கும் உரிமையைச் சாலையில் பயன்படுத்த வேண்டாம் என்று வக்கீலே புத்தி சொல்கிற நிலைமை இது.

சமீபத்தில் இந்த வட்டாரத்து முக்கு ஒன்றில், டீக்கடை பெஞ்சிலிருந்து நான் பார்த்ததைச் சொல்கிறேன். ஊர் பேர் வேண்டாம். இரவு ஒன்பதரை இருக்கும். நகைக்கடை விளம்பரம் எழுதிய இரும்புத் தடுப்பைக் குறுக்கே போட்டிருந்தார்கள். எஸ்.எஸ்.ஐ. பிளாஸ்டிக் நாற்காலியில், இளம் காவலர் ஒருவர் டார்ச்சோடு. முதலில் ஒரு கார். கண்ணாடி இறங்கியது. "அண்ணாச்சி, எங்க போய்ட்டு வாறிய?" "ஒரு கல்யாண வீடு." "சரி, பார்த்துப் போங்க." பத்து விநாடி. லைசென்ஸ் கேட்கவில்லை.

அடுத்து ஒரு பைக்கில் இரண்டு பையன்கள். பின்னால் இருந்தவன் காலில் வயல் சேறு காயாமல் இருந்தது. "ஏல, ஓரங்கட்டு. சாவிய எடு." சாவி காவலர் கைக்குப் போனது. பேர் கேட்டார், சொன்னான். ஊர் கேட்டார், சொன்னான். "அது தெரியுதுல. எந்தத் தெரு?" பையன் ஒரு கணம் நின்றான். தெருவைச் சொன்னான். "யாரு மகன்?" அதையும் சொன்னான். ஆர்.சி., இன்சூரன்ஸ், லைசென்ஸ் எல்லாம் இருந்தது. கடைசியில் காவலர் தன் சொந்த செல்போனை எடுத்து, "தலைய நிமிரு" என்று சொல்லி இரண்டு பேரையும் தனித்தனியாகப் போட்டோ எடுத்தார். வண்டி நம்பரையும் எடுத்தார். சாவியைக் கொடுத்தார். அவர்கள் தள்ளிக்கொண்டே கொஞ்ச தூரம் போய்த்தான் ஸ்டார்ட் செய்தார்கள்.

அடியில்லை, கெட்ட வார்த்தை இல்லை. அந்தக் காவலரும் கெட்டவர் இல்லை. பார்த்தால் நல்ல பிள்ளையாகத்தான் தெரிந்தார். மேலிடம் ராத்திரிக்கு இத்தனை வண்டி என்று கணக்குக் கேட்கிறது, அவர் எடுக்கிறார். ஆனால் நம் பக்கத்தில் தெருவைக் கேட்டால் என்ன கேட்கிறார்கள் என்று இந்த அரங்கில் யாருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை. மேலத் தெரு, கீழத் தெரு, காலனி என்று ஒரு சொல் வந்துவிட்டால் மீதி எல்லாம் தானாகத் தெரிந்துவிடும். சாதி என்ற கட்டமே இல்லாத ஒரு விசாரணையில் சாதி பதிவாகிவிடுகிறது. பாளையங்கோட்டை மத்திய சிறையில் கைதிகளைச் சாதி பார்த்துத் தனித்தனிப் பகுதியில் வைத்தது பற்றி 2014இல் சென்னை உயர் நீதிமன்றம் வரை வழக்குப் போனது. மோதலைத் தவிர்க்க என்று அரசு சொன்னது. உச்ச நீதிமன்றம் 2024 அக்டோபர் 3 அன்று, சிறைகளில் சாதி பார்ப்பது பற்றிய சுகன்யா சாந்தா வழக்கில், சிறைப் பதிவேட்டிலிருந்து சாதிக் கட்டத்தையே எடுக்கச் சொல்லிவிட்டது. சாலையோரத்து விசாரணையைப் பற்றி யாரும் வழக்குப் போட்டதாக எனக்குத் தெரியவில்லை. அதில் கட்டமே இல்லையே, எதை எடுக்கச் சொல்வது?

அந்தப் போட்டோ எங்கே போனது என்பது இன்னொரு கேள்வி. காவலரின் சொந்த போனில் இருக்கும். ஸ்டேஷன் வாட்ஸ்அப் குழுவுக்குப் போயிருக்கும். முகம் பார்த்து ஆளைக் கண்டுபிடிக்கும் மென்பொருளை 2021 முதல் நம் மாநிலக் காவல்துறை வைத்திருக்கிறது. கொல்கத்தா சி-டாக் செய்து கொடுத்தது. அதற்குள் போனதா, தெரியாது. 2024 மே மாதம் அந்தத் தளத்துக்குள் வெளியாள் நுழைந்த செய்தியும் வந்தது. 1920 சட்டத்தை எடுத்துவிட்டு 2022இல் குற்றவியல் நடைமுறை அடையாளச் சட்டம் கொண்டுவந்தார்கள். கருவிழி, விழித்திரை, கையெழுத்து, ரத்த மாதிரி வரை எடுக்கலாம். எடுத்ததைத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் 75 ஆண்டு வைத்திருக்கும். கைதான ஆளுக்காவது இந்தச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. எதற்கு எடுத்தார்கள், எவ்வளவு நாள் வைப்பார்கள் என்று எழுத்தில் இருக்கிறது. சேற்றுக் காலோடு நின்ற பையனின் போட்டோவுக்கு எந்தச் சட்டமும் இல்லை, 75 ஆண்டு என்ற கெடுவும் இல்லை.

"தப்புச் செய்யாதவன் ஏன் பயப்படணும்?" என்பார்கள். பயத்தைப் பற்றி நான் பேசவில்லை. உச்ச நீதிமன்றத்தில் 1962இல் கரக் சிங் வழக்கு வந்தது. விடுதலையான பிறகும் உத்தரப் பிரதேசப் போலீஸ் அவர் பேரில் ஏடு திறந்து, இரவில் கதவைத் தட்டி, எங்கே போகிறார் என்று பின்தொடர்ந்தது. இரவில் கதவைத் தட்டுவது மட்டும் தப்பு, பின்தொடர்வது தப்பில்லை என்று பெரும்பான்மை நீதிபதிகள் சொன்னார்கள். சென்னை உயர் நீதிமன்றத்தில் வக்கீலாகவும் நீதிபதியாகவும் இருந்த சுப்பா ராவ், நீதிபதி ஷாவோடு சேர்ந்து தனித் தீர்ப்பு எழுதினார். காவலன் பின்னால் வருவது தெரிந்தவன் கால் நடந்தாலும் மனம் நடக்காது என்பது அவர் வாதத்தின் சாரம். அது சரியென்று நாடு ஒப்புக்கொள்ள 55 ஆண்டு ஆனது. 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்றார்கள்.

போலீஸ் பக்க நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். நம் மாவட்டத்தில் பழிக்குப் பழி என்று வருஷக்கணக்காக நீளும் கொலைகள் உண்டு. 2024 டிசம்பர் 20 காலை, நாங்கள் நிற்கிற திருநெல்வேலி நீதிமன்ற வாசலிலேயே ஒருவரை வெட்டிக் கொன்றார்கள். அதற்குப் பிறகு நீதிமன்றங்களில் துப்பாக்கியோடு காவலர்களை நிறுத்த உத்தரவு வந்தது. பையைத் திறந்து காட்டச் சொன்னால் நான் காட்டுவேன், முணுமுணுக்க மாட்டேன். அரிவாளோடு போகிற வண்டியை ராத்திரிச் சோதனையில் பிடித்து ஓர் உயிர் தப்பியிருந்தால், அந்தக் காவலருக்கு நான் கைகூப்புவேன். சோதனையே கூடாது என்று சொல்ல இங்கே நான் வரவில்லை.

ஆனால் கேட்கிற அதிகாரம் எங்கே போய் முடியும் என்பதற்கும் நம் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. 2020இல் கொரோனா முடக்கம். மாவட்டம் விட்டு மாவட்டம் போக இ-பாஸ், கடை அடைக்க நேரம், ஒவ்வொரு முக்கிலும் கேள்வி. ஜூன் 19 இரவு சாத்தான்குளத்தில், கடையைக் குறித்த நேரத்தில் அடைக்கவில்லை என்ற பேச்சில் தொடங்கியது; தந்தை ஜெயராஜும் மகன் பென்னிக்ஸும் சில நாளில் பிணமானார்கள். 2023 மார்ச்சில் அம்பாசமுத்திரம் உட்கோட்டத்தில் விசாரணைக்கு அழைத்தவர்களின் பல்லைப் பிடுங்கினார்கள் என்ற புகார் எழுந்தது. அது நீதிமன்றத்துக்குப் போன விஷயம், அதற்கு மேல் நான் பேசுவது முறையல்ல. இவற்றை அந்த ஐந்து நிமிடச் சோதனையோடு ஒப்பிடுவது அநியாயம் என்று பின்வரிசையில் நினைக்கலாம். ஒப்பிடவில்லை. இரண்டிலும் தொடக்கத்தில் ஒரு பக்கம் மட்டும் கேட்டது, மறுபக்கம் எதையும் கேட்க முடியவில்லை. அவ்வளவுதான் சொல்கிறேன்.

இங்கிலாந்தில் 1950 டிசம்பரில் கிளாரன்ஸ் வில்காக் என்பவர் கார் ஓட்டிப் போனபோது கான்ஸ்டபிள் ஒருவர் நிறுத்தி அடையாள அட்டை கேட்டார். உலகப் போர் தொடங்கிய 1939இல் வந்த அட்டை அது. போர் முடிந்து ஐந்து வருஷமாகியும் போலீஸ் எதற்கெடுத்தாலும் அதைக் கேட்டுப் பழகிவிட்டது. நான் லிபரல் கட்சிக்காரன், காட்ட மாட்டேன் என்றார் அவர். சட்டப்படி அவர் குற்றவாளிதான் என்று நீதிமன்றம் சொன்னது. ஆனால் தண்டனை கொடுக்கவில்லை. போருக்காகப் போட்ட சட்டத்தை வழக்கமாக்கினால், ஒழுங்கானவனும் போலீசை எதிரியாகப் பார்ப்பான் என்று தலைமை நீதிபதி கோடார்டு கண்டித்தார். 1952 பிப்ரவரியில் அந்த அட்டையையே எடுத்துவிட்டார்கள். போலீசுக்கு வருத்தம்தான். ஆனால் லண்டன் கவிழ்ந்துவிடவில்லை. அதே நாட்டில் 1984இல் வந்த காவல் சாட்சியச் சட்டம் இன்னொன்று செய்தது. ஒருவரை நிறுத்திச் சோதனை போட்டால், ஏன், எப்போது, எங்கே, எந்தக் காவலர் என்று எழுத வேண்டும். அதன் நகலைச் சோதனைக்குள்ளானவர் கேட்டு வாங்கலாம். இதனால் அங்கே எல்லாம் நேராகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். கறுப்பின இளைஞர்களைத்தான் அதிகம் நிறுத்துகிறார்கள் என்ற சண்டை அங்கே இன்றும் ஓயவில்லை. ஆனால் அந்தச் சண்டையைப் போட அவர்கள் கையில் எண்கள் இருக்கின்றன. காவல்துறையே எழுதிய எண்கள். நம் கையில் டீக்கடை பெஞ்சிலிருந்து நான் பார்த்தது மட்டும் இருக்கிறது.

அதனால் நான் கேட்பது ஒன்றே ஒன்று. கேட்கிறவரும் தன் பேரை விட்டுவிட்டுப் போகட்டும்.

இது புது யோசனை இல்லை. டி.கே. பாசு வழக்கில் 1996 டிசம்பர் 18 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது: கைது செய்யும் காவலர் பேர் தெளிவாகத் தெரியும்படி பட்டை அணிய வேண்டும். இப்போது சன்ஹிதாவின் 36ஆவது பிரிவில் அதுவே சட்டமாக இருக்கிறது. ஆனால் அது கைதுக்கு. சாலையில் நிறுத்துவதற்கு இல்லை. மழைக்கோட்டும் பளபளக்கும் ஜாக்கெட்டும் போட்டால் பேர்ப்பட்டை உள்ளே போய்விடுகிறது.

போக்குவரத்துக் காவலர் கையில் இ-சலான் மிஷின் இருக்கிறது. அபராதம் போட்டால் உடனே சீட்டு வருகிறது. இடம், நேரம், வண்டி நம்பர், அதிகாரி எல்லாம் அதில் உண்டு. அபராதம் இல்லாமல் விட்டாலும் அதே சீட்டை அடிக்கச் சொல்கிறேன். நிறுத்தினோம், குற்றம் இல்லை, காரணம் இது, நிறுத்தியவர் இவர். போட்டோ எடுத்தால் அதையும் எழுதட்டும், எப்போது அழிப்பார்கள் என்றும் எழுதட்டும். தெருப் பேர் வேண்டாம், கதவு எண்ணும் பின்கோடும் போதும். மிஷின் இல்லாத இடத்தில் வெள்ளைத்தாளில் பேனாவால் எழுதிக் கொடுக்கலாம். மாதக் கடைசியில் எந்த முக்கில் எத்தனை வண்டி, எத்தனை பேரிடம் ஏதாவது கிடைத்தது என்று ஸ்டேஷன் பலகையில் ஒட்டலாம்.

ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். பழைய ஆள், நான் குறுக்கு விசாரணை செய்து அவர் வேர்த்ததும் உண்டு, அவர் பதிலில் நான் வேர்த்ததும் உண்டு. அவர் சிரித்தார். "வக்கீல் சார், ஒவ்வொருத்தனுக்கும் சீட்டு எழுதிக்கிட்டு இருந்தா ராத்திரிக்கு இருநூறு வண்டி பார்க்கிற இடத்துல இருபதுதான் பார்க்க முடியும்" என்றார். அந்த இருபதை எப்படிப் பொறுக்குவீர்கள் என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். "தகவல் இருக்கணும். இல்லாட்டா வண்டி நம்பர் சந்தேகமா இருக்கணும். இல்லாட்டா ஓடப் பார்க்கணும்" என்று வரிசையாகச் சொன்னார். முப்பது வருஷ சர்வீஸ் அல்லவா, ஒன்றுகூடத் தப்பான காரணம் இல்லை. இந்தக் காரணங்களை அந்தச் சீட்டிலேயே அச்சடித்துவிடலாமே என்றேன். "எஸ்.பி. ஒத்துக்கிட்டா எனக்கென்ன" என்றார்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். பின்வரிசையிலிருந்து முதலில் கேட்டால் எனக்குச் சந்தோஷம்.